கிழிந்த ஸ்பீக்கரும் என் கைத்திறமையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அமீரகத்தின் புஜைராவில் நாங்கள் வீடு மாறினோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் டாங்குகள் இருக்கும் இடத்தில் நான் எலெக்ட்ரீஷியன். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். சாமான்களை பிக்கப் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியது நான்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. கை வேலையில் எனக்கு நிகர் நானே என்ற நினைப்பு அப்போது இருந்தது.

ரவுண்டானாவில் வண்டி திரும்பியபோது தொப்பென்று ஒரு சத்தம். மெத்தை விழுந்திருக்கக் கூடாதா, பாத்திர மூட்டை விழுந்திருக்கக் கூடாதா? விழுந்தது என் மனைவியின் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. சர்ச் பாடல் குழுவில் கிட்டார் வாசித்து வளர்ந்தவள். இங்கே வந்த பிறகு ராக் இசையின் மேல், அதுவும் அது பிறந்த காலத்துப் பாட்டுகளின் மேல், பைத்தியமாகிவிட்டாள். ராக் என்ற பெயரே பரவாத காலத்தில், அமெரிக்காவில் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படி ஒரு வாசிப்பு வாசித்தாராம். பின்னால் வந்த பெரிய பெரிய ஆண்கள் எல்லாம் அந்த அம்மாவைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானாம். “நம்மள மாதிரி கோயில்ல பாடுன பொம்பள, கேட்டியளா?” என்பாள், சொந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்வதுபோல. நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே போனைப் பார்ப்பேன்.

புது வீட்டில் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது. என் முகம் செத்துப்போனது. அவள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்தாள். ஒயரைச் சொருகிக் கிட்டாரை மீட்டினாள். தொண்டை கட்டியவன் உரக்கப் பாடுவதுபோல் கரகரவென்று வந்தது. ஒரு நொடி அசையாமல் நின்றவள், அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கிய? விடுங்க, இந்தச் சத்தந்தான் நல்லாருக்கு. ராக் ஆரம்பிச்ச காலத்துல ஒரு கோஷ்டி ரெக்கார்டிங்குக்குப் போற வழியில ஆம்ப் இப்படித்தான் கெட்டுப் போச்சாம். பேப்பர அடைச்சு வாசிச்சிருக்காவ. அந்தக் கரகரப்பக் கேட்டுத்தான் ஊரே ஆடிச்சாம்.”

நான் நம்பவில்லை. ஊசி போடும்போது “ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் அவள். எனக்கும் அதே ஆறுதலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் மருத்துவமனையில் நர்ஸ்கள் தின விழா வந்தது. அவள் பெயர் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக மேடையில் தனியாக வாசிக்கப் போகிறாள், அதுவும் தானே கட்டிய பாட்டை. டூட்டி முடிந்து வீங்கிய காலோடு வந்தாலும், நேராகக் கிட்டாரிடம்தான் போவாள். அந்தக் கரகரப்பு எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பாள். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் என் கயிறு அவிழ்ந்ததுதான் ஞாபகம் வந்தது. இந்தச் சத்தத்தோடு என் மனைவி நான்கு பேர் முன்னால் போய் நிற்பதா?

ஷார்ஜாவரை போய் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். “ஏ-ஒன் பீஸ், பாய். ஏக்தம் கிளியர்” என்றார் கடைக்காரர், துளி இரைச்சல்கூட வராது என்று. விழா அன்று அவளுக்குக் காலை டூட்டி, எனக்கு லீவு. அவள் கிளம்பியதும் புதியதைப் பொருத்தினேன். கிழிந்ததைக் கீழே குப்பைத் தொட்டியில் எறிந்தேன். பிறகு சீட்டியடித்துக்கொண்டே ஆம்ப்ளிஃபையரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மேடையில் வைத்துவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

அவள் முதல் மீட்டு மீட்டினாள். பிசிறில்லாமல், துல்லியமாக வந்தது. குனிந்து ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தாள். ஒரு திருகைத் திருப்பி மறுபடி மீட்டினாள். அதே துல்லியம். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான், முட்டாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் வாசித்து முடித்தாள். வீட்டுச் சுவரெல்லாம் அதிர வாசித்த அதே பாட்டு, அன்றைக்குச் சப்பென்று கிடந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். அவளுடைய சூப்பர்வைசர் வந்து, ரொம்ப இனிமையாக இருந்தது என்று பாராட்டினார். அந்த ‘இனிமை’யைக் கேட்டு அவள் முகம் போன போக்கில்தான் எனக்கு ஏதோ உறைத்தது.

காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பழச எங்க போட்டிய?”

வீட்டுக்கு வந்ததும் இருவரும் நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போனோம். வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. காலியான தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யூனிஃபார்மோடு அவள் நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிப்போய், புது ஸ்பீக்கரை பிளேடால் கீறினேன். பேப்பரை அடைத்தேன். தகரம் உதறுவதுபோல் வந்தது. இன்னொரு பக்கம் கீறினேன். இன்னும் மோசம். மறுபடி பிளேடை எடுத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதுங்க. நல்லதுக்குத்தான செஞ்சிய.”

கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில், அவள் சொன்ன அந்த ஆம்ப் கதையைப் போனில் தேடினேன். கதை உண்மை. அந்தக் கோஷ்டி வாசித்த பாட்டைத்தான் முதல் ராக் பாட்டு என்று சொல்கிறவர்கள்கூட இருக்கிறார்களாம். இயர்போனை மாட்டிக் கேட்டேன். மாதக்கணக்கில் எங்கள் ஹாலில் கேட்ட அதே கரகரப்பு! பக்கத்து சீட்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது கிட்டாரை சர்ச்சுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள். அவளுக்குப் பிடித்ததை, அது என் கண்ணுக்கு ஓட்டை உடைசலாகத் தெரிந்தாலும், தொடாமல் இருக்க நான் பழகிவிட்டேன். ஆனால் தனக்கு எது பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொல்வதை அவள்தான் நிறுத்திவிட்டாள்.