மேட்டுக் கண்ணாடியில் ஒரு பொட்டு

எங்கள் அத்தை வீட்டில் பொட்டில்லாத கண்ணாடி கிடையாது. பீரோக் கண்ணாடியில் ஒரு வரிசை, குளியலறைக் கண்ணாடியில் ஒரு கூட்டம், மாமாவின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில்கூட ஒன்று. முகம் கழுவப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கைக்கெட்டிய கண்ணாடியில் ஒட்டுவார். திரும்பி வந்ததும் அதை மறந்துவிட்டு அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பொட்டு விற்பவர்கள் பிழைக்க அத்தை ஒருவரே போதும் என்று அம்மா கேலி செய்வார். இந்தப் பழக்கம் ஒரு நாள் வானத்தைப் பார்க்கிற கண்ணாடி வரைக்கும் போய்விட்டது.

மாமா என்பது அம்மாவின் தம்பி. கெலுகோர் பக்கத்தில் ஒரு மேட்டின்மேல் சின்ன வானாய்வுக்கூடம் ஒன்று இருந்தது. வானம் பார்ப்பதில் ஆசை கொண்ட சிலர் சங்கம் வைத்து அதை நடத்தினார்கள். அங்கிருந்த கருவிகளைக் கெடாமல் பார்த்துக்கொள்வது மாமாவின் வேலை. மற்றவர்கள் நட்சத்திரம் பார்த்தார்கள். மாமா துருவையும் எறும்பையும் பூஞ்சையையும் பல்லியையும் பார்த்தார். பினாங்கின் கடல் காற்று இரும்பை இரும்பாக இருக்க விடாது. உருண்டைக் கூரை சுழல்கிற தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவ வேண்டும், மோட்டார்ப் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு திருகாணி துருப்பிடிக்க யோசிக்கும்போதே அதைக் கழற்றி வேறு போட வேண்டும். மாமா இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்வார். ஞாயிற்றுக்கிழமையிலும் செய்வார், தீபாவளிக்கு மறுநாளும் செய்வார். எங்கே என்று கேட்டால் “மேட்டுக்குப் போயிருக்காரு” என்பதுதான் அத்தையின் பதில்.

மேடு சில சமயம் வீட்டுக்கும் வரும். தொலைநோக்கிப் பெட்டிகளுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்காக நீல நிற மணிகளைப் போட்டு வைப்பார்கள். ஈரம் குடித்துக் குடித்து அவை வெளிர்சிவப்பாக மாறியதும் மாமா அவற்றைக் கொண்டுவந்து அத்தையின் ஓவனில் காயவைப்பார். அத்தை கேக் மாவைக் கலக்கிக்கொண்டு வந்து ஓவனைத் திறந்தால் உள்ளே தட்டு நிறைய மணிகள் இருக்கும். “கேக்கு வேகற எடத்துல டெலஸ்கோப்பு வேகுது பாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் குழந்தைகள் இல்லை. அதனால் அத்தையின் பேச்சுக்குச் சிரிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் என்னிடம் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமையும் ஷிஃப்ட் இருந்தால் என்னை மாமாவிடம் விட்டுவிட்டுப் போவார். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் மாமாவும் நானும் மேட்டுக்குப் போனபோது, தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியின்மேல் பல்லி எச்சமிட்டிருந்தது.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் ஒரு தமிழ்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் நிலா பார்க்க வருகிறார்கள். எச்சத்தை விட்டு வைத்தால் பூச்சை அரித்துவிடும். வீட்டுக் கண்ணாடிக்கு ரசப் பூச்சு பின்பக்கம் இருக்கும், மேலே எப்படித் தேய்த்தாலும் கவலையில்லை. தொலைநோக்கிக் கண்ணாடிக்கோ பூச்சு முன்பக்கத்தில். விரல் பட்டாலே கீறல் விழும். தோசைக்கல் அளவிலிருந்த அந்தக் கண்ணாடியை மாமா கழற்றி, கார் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் கிடத்தி, ஈரப் பஞ்சைத் தானாக நழுவ விட்டுக் கழுவினார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது. கழுவியதை மேசைமேல் சாய்த்து வைத்து, “மூச்சுகூட அந்தப் பக்கம் விடாத பாப்பா” என்றார்.

மதியம் அத்தை சாப்பாட்டுத் தூக்குடன் மேடேறி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

“நீ எதுக்கு இந்த வெயில்ல?” என்றார் மாமா.

“வீட்டுல பார்க்க முடியலன்னா இங்க வந்துதான பார்க்கணும். டிக்கெட்டு வாங்கணும்னா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.”

“கிட்ட வராத லா, தூசி பறக்கும்” என்று சொல்லிவிட்டு மாமா கீழே கிடங்கில் திருகாணி எடுக்கப் போனார். நான் சிரித்தேன். சிரிப்பது என் பொறுப்பல்லவா?

வெளியே குழாய் இருந்தது. அத்தை முகம் கழுவப் போனார். போகிற போக்கில் நெற்றியிலிருந்த மெரூன் நிறப் பொட்டை எடுத்தார். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வாயைத் திறக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவர் அன்றைக்கு அதிசயமாகப் பொட்டை மறக்கவில்லை. அந்தக் கண்ணாடி குழிவானது, கிட்டே போனால் முகம் தாம்பாளம் அளவுக்குத் தெரியும். “ஐயோ, எம்மாம் பெரிய மூஞ்சி பாரு!” என்று அத்தை குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, கண்ணாடியிலிருந்த பொட்டு சரியாகத் தன் நெற்றியில் விழுகிற மாதிரி நின்றார். “இப்ப இருக்கா பாப்பா?” “இருக்கு அத்தை, அழகா இருக்கு.” உண்மையிலேயே அழகாக இருந்தார்.

அப்போது மாமா உள்ளே வந்தார்.

“அத எங்க ஒட்டி வச்சிருக்க?”

“இருங்க, பிச்சு எடுத்துடுறேன்” என்று அத்தை நகத்தை நீட்டினார்.

“தொடாத!”

அந்த உருண்டைக் கூரைக்கு அடியில் எந்தச் சத்தமும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். மாமாவின் குரலும் அப்படியே திரும்பி வந்து எங்கள் மூவரின் தலையிலும் விழுந்தது. மாமா கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அத்தை நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். “நடுவுல ஏற்கெனவே ஒண்ணு ஒட்டியிருந்துச்சுங்க. அதான் கண்ணாடின்னா இங்கயும் ஒட்டலாம்னு...”

அது பொய்யில்லை. கண்ணாடியின் நட்டநடுவில் பொட்டு மாதிரியே ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருந்தது. தொலைநோக்கியின் கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக வைப்பதற்கான அடையாளம் அது. அதைப் பார்த்த எந்தத் தமிழ்ப் பெண்ணும் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டத்தான் செய்வாள்.

பொட்டைப் பிய்த்தால் பசையோடு பூச்சும் உரிந்துகொண்டு வரும். மருந்து போட்டுக் கரைத்தால் பசை பரவும். “சூசா லா, இது ரொம்ப சூசா” என்று கஷ்டத்தை மலாயில் முனகிக்கொண்டு மாமா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பிள்ளைகள் வருவார்கள், சங்கத்துச் செயலாளர் வருவார். தூக்கிலிருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

திடீரென்று மாமா எழுந்து அட்டை ஒன்றை வட்டமாக வெட்டினார். தொலைநோக்கியின் வாயருகே இன்னொரு சின்னக் கண்ணாடி தொங்கும். அதன் நிழல் எப்போதும் பெரிய கண்ணாடியின் நடுவில் விழும். அந்த நிழலுக்குள் எந்த நட்சத்திரத்தின் வெளிச்சமும் வராது, அதனால்தான் அடையாள வட்டத்தை அங்கே ஒட்டுகிறார்கள். மாமா சின்னக் கண்ணாடி அளவுக்கு வெட்டிய அட்டையைப் பெரிய கண்ணாடிக்கு மேலே படாமல் பிடித்துக் குனிந்து பார்த்தார். பொட்டு முழுக்க அட்டைக்குள் மறைந்துவிட்டது.

“தப்பிச்சோம்!” மாமா வாய்விட்டுச் சிரித்தார். “வானத்துக்கே தெரியாத எடமாப் பார்த்து ஒட்டியிருக்க! இருந்துட்டுப் போவட்டும். ஒண்ணு அளவுக்கு, ஒண்ணு அழகுக்கு.”

நானும் சிரித்தேன். அத்தை தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். பாதி நிலா, பள்ளமும் மேடுமாக, தொட்டால் கையில் மாவு ஒட்டும்போலத் தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கண்ணை வைத்ததும் “ஐயோ!” என்றது. ஒவ்வொரு ஐயோவுக்கும் மாமாவின் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது. எல்லோருக்கும் கடைசியில் அத்தை ஏணியேறினார். சரியாக அப்போது பார்த்துக் கூரை மோட்டார் முனகி நின்றது. மாமா அதனிடம் ஓடினார். கூரையின் திறப்பு அங்கேயே நிற்க, நிலா நகர்ந்து கூரைக்குப் பின்னால் போய்விட்டது.

“ஒண்ணும் தெரியலையே” என்றார் அத்தை, கண்ணை எடுக்காமல்.

“அடுத்த வாரம் பார்க்கலாம் லா, நிலா எங்க போவப்போவுது!” மோட்டார்ப் பெட்டிக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

அத்தை கொஞ்ச நேரம் இருட்டையே பார்த்துவிட்டு இறங்கினார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் தண்டவாளத்துக்குக் கிரீஸ். பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

மறு வருடம் அத்தை ஈப்போவில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். பாட்டிக்குச் சரியாகிவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள். பள்ளி விடுமுறை வந்தது, போனது. அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மெல்லிய குரலில் பேசினார். நான் போனால் பேச்சை மாற்றினார். மாமா வீட்டில் ஓவனுக்குள் எப்போதும் நீல மணிகள் இருந்தன. கண்ணாடிகளில் பொட்டுகள் இருந்த இடத்தில் இருந்தன. அத்தை லீவு முடிந்ததும் வந்துவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருடைய லீவு என்று நான் யோசிக்கவில்லை.

அதே வருடம் பெரிய கண்ணாடியின் பூச்சு மங்கத் தொடங்கியது. கடல் காற்று யாரையும் விடுவதில்லை. ஓரங்களில் புள்ளி புள்ளியாகக் கறுத்து, நிலா பழைய துணி மாதிரித் தெரிந்தது. பழைய பூச்சை மருந்தில் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிற இடம் கோலாலம்பூரில் இருந்தது, அனுப்பிவிடலாம் என்றார் செயலாளர். அவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், சாது மனிதர். ஒரு திருகாணி துருவேறக் காத்திராத எங்கள் மாமா, இதற்கு மட்டும் காரணம் சொன்னார். மழை முடியட்டும் என்றார். மழை முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்றார். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூடச் சொன்னார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் மூக்குக் கண்ணாடியைத்தான்.

கடைசியில் செயலாளரே வேனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வேன் வருகிற சனிக்கிழமை காலையில் நானும் மேட்டில் இருந்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றி, பஞ்சு விரித்த மரப்பெட்டிக்குள் மல்லாக்க வைத்தார். நடுவில் அந்த வட்டமும் அதன் பக்கத்தில் மெரூன் பொட்டும் இருந்தன. கண்ணாடிதான் கிழடாகியிருந்தது, பொட்டு நேற்று ஒட்டியது மாதிரி இருந்தது.

“மருந்துல போட்டா இந்த வட்டம் போயிடுமா மாமா?”

“போயிடும். வந்ததும் வேற ஒட்டணும். அது இல்லாம நேராக்க முடியாது.”

“அப்ப பொட்டு?”

“அதுவும் போயிடும்.”

“அத்தைக்கு போன் பண்ணி வேற ஒண்ணு கேளுங்க. வட்டம் ஒட்டறப்ப அதையும் ஒட்டிடலாம்.”

மாமா பெட்டி மூடியைக் கையில் எடுத்தார். “கேட்டா குடுப்பாளா?”

“குடுப்பாங்க மாமா! ஒரு அட்டையில எவ்ளோ இருக்கும் தெரியுமா?”

மாமா மூடியைக் கீழே வைத்துவிட்டார். பெட்டியின் இரு பக்கமும் கையூன்றிக் கண்ணாடிக்கு மேலே குனிந்தார். உள்ளே அவர் முகம் தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது, மீசையெல்லாம் பெரிதாக. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். பொட்டு மெல்ல அவர் கன்னத்திலிருந்து மூக்குக்கு வந்து, மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது. அங்கே நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உங்களுக்கு நல்லாவே இல்ல மாமா! அத்தைக்குத்தான் நல்லா இருந்துச்சு!”

“ஆமா பாப்பா,” என்றார் மாமா, நிமிராமலே. “அவளுக்குத்தான் நல்லா இருந்துச்சு.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மாமா மூடியைப் போட்டார். நான் எடுத்துக் கொடுத்த திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். நான் சொன்னது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதனால் வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு, “உங்களுக்கு நல்லாவே இல்ல மாமா, அத்தைக்குத்தான்” என்று வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.