கொளுத்தியவன் முகம்

கடலைப் பார்த்தால் படம் வருகிறது, பூவைப் பார்த்தால் படம் வருகிறது என்று சொல்கிற ஓவியர்களைக் கண்டாலே மிளகாய்க்குச் சிரிப்பு வரும். வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. குணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. அவளுக்குப் படம் வருவது வயிற்றெரிச்சலிலிருந்து. காலையில் தூரிகையைத் தொடுமுன் சுவரில் ஒட்டியிருக்கும் அண்ணன் புகைப்படத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டுவாள். "நாசமாப் போறவனே" என்று தொடங்கினால்தான் கை ஓடும்.

ஏன் திட்டமாட்டாள்? பத்தொன்பது வயதில், ஓவியக் கல்லூரியில் காட்ட அவள் வரைந்து வைத்திருந்த படங்களையெல்லாம் கொல்லையில் குவித்துக் கொளுத்தியவன் அவன். "கிறுக்கினது போதும், அடுப்படியைப் பாரு" என்றான். கல்லூரி போனது போனதுதான். அன்றிலிருந்து அவள் படங்களில் வருகிற வழிப்பறிக்காரன், நாய் பிடிப்பவன், ஜப்திக்கு வந்தவன் எல்லாருக்கும் அண்ணன் மூக்குதான். வாங்குகிறவர்கள் மூக்கு பிரமாதம் என்பார்கள்.

இப்போது கண்காட்சிக்கு ஆளுயரப் படம். அதே கொல்லை, அதே தீ. கொளுத்துகிறவன் முகம் மட்டும் பிடிபடவில்லை. மறுநாள் வண்டி வந்து எடுத்துப்போகும்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றான். தலை நரைத்து, கால் வீங்கி, படியேறியதில் மூச்சு வாங்கியது.

"தப்புப் பண்ணிட்டேம்மா. என்னை மன்னிச்சிரு," என்றவன் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

மிளகாய் அவனையும் முகமில்லாமல் நின்ற படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடப்பாவி! இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த கோபம் இளகுகிறதே, இது போய்விட்டால் முகத்தை எங்கே போய்த் தேடுவது? அன்றைக்குக் கெடுத்தது போதாதென்று இன்றைக்கும் கெடுக்க வந்துவிட்டான்.

"முதல்ல அழுகையை நிறுத்து," என்று அதட்டி ஜன்னலோர ஸ்டூலில் உட்கார வைத்தாள். தீப்பெட்டியைக் கையில் திணித்தாள். "கொளுத்து."

"எதுக்கும்மா?"

"கொளுத்துன்னா கொளுத்து. அன்னைக்குச் சொன்னியே, அதையும் சொல்லு."

குச்சியை உரசினான். "கிறுக்கினது போதும்" என்பதற்குள் மறுபடி அழுதுவிட்டான்.

"என்னால முடியல."

"அன்னைக்கு முடிஞ்சுதுல்ல?"

குச்சி குச்சியாக உரச வைத்தாள். பொழுது சாயும்வரை விடவில்லை. இளகிய நெஞ்சு மறுபடி இறுகிக்கொண்டது, கை பறந்தது.

முடிந்ததும் அவனே எழுந்து வந்து பார்த்தான். படத்தில் இருந்தவன் தீயைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு நேரமும் நான் அழுதுகிட்டுதானே இருந்தேன்? ஒரு சொட்டுகூட இதுல இல்லையே," என்றான்.

மிளகாய் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ அழலையே, அண்ணா."