இசக்கிசெல்வி டிக் அடிக்கவில்லை

பென்னலூரில் என் அத்தை லூர்தம்மாள் வீட்டு மாடி அறையில் தெற்கத்திப் பெண்கள் இருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்து ஷெர்லின், நாங்குநேரிப் பக்கத்து இசக்கிசெல்வி. இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து டேப் சுற்றுகிற வேலை.

போன வருடம் மழைக்காலத்தில் இசக்கிசெல்விக்கு எதுவுமே பிடிக்காமல் போயிற்று. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும், ஷெர்லின் ஓடுவாள், இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தலை சீவுவதுகூடப் பெரிய காரியமாகிவிட்டது. ஷெர்லின்தான் இழுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் காட்டினாள். மனச்சோர்வு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அங்கே ஆலோசகராக இருக்கும் எழிலரசி அவளுடைய போனில் ஒரு செயலியையும் ஏற்றிக் கொடுத்தார்.

அது தினமும் ஒரு சின்ன வேலை சொல்லும். செய்துவிட்டால் டிக் அடிக்க வேண்டும். மனசு சரியாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திராதே, முதலில் எழுந்திரு, மனசு பின்னால் வரும் என்பது அதன் கணக்கு. டிக் அடித்தால் எழிலரசியின் கணினியிலும் தெரியும்.

அத்தை இதைச் சொன்னபோது, கடல் தாண்டி உட்கார்ந்திருந்த எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணைப் போய் ஒரு போனிடம் ஒப்படைக்கிறார்களே என்று. அத்தைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ‘இன்று ஒருவருடன் மனம்விட்டு உரையாடவும்’ என்று அது சொன்ன அன்றைக்கு இசக்கிசெல்வி கீழே இறங்கி வந்து போனை நீட்டியிருக்கிறாள்.

“இன்னாடி இது, ஃபாதர் பிரசங்கம் வெக்கிற மாதிரி பேசுது?” என்றாளாம் அத்தை. “சரி, குந்து. உரையாடு.”

என்ன உரையாடுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. நெத்திலி ஆய்ந்தார்கள். மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றலாமா கூடாதா என்று சண்டை வந்தது. மறுநாள் போன் சொல்லாமலே இறங்கி வந்தாள். பிறகு மெல்ல மெல்லத் தலை சீவினாள், துணி துவைத்தாள், பஸ்ஸுக்கும் போனாள். எல்லா நாளும் இல்லை, பல நாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அத்தைதான் கூடப் போனாள், ஷெர்லினுக்கு ஷிஃப்ட். எழிலரசி கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரு வேலைக்கும் டிக் இல்லை. அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. தனியாக இருந்து சிரமப்படுவதைவிடக் கொஞ்ச காலம் ஊருக்குப் போய் அம்மாவோடு இருக்கலாமே என்றார்.

இசக்கிசெல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா ஏற்கெனவே வந்துவிடு, வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒப்பந்த வேலை. போனால் லைனில் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். ஊரிலோ இந்த நோய்க்கு வேறு பெயர் வைத்து வேறு வைத்தியம் பார்ப்பார்கள்.

அத்தைதான் வாய் திறந்தாள். “இன்னா மேடம் சொல்றீங்க? தெனமும் கீழ வந்து எங்கூடதான் பேசிகினு கீது இந்தப் பொண்ணு. துணி தொவைக்குது, வேலைக்குப் போவுது. உங்க மிஷினுதான் பொய் சொல்லுது.”

எழிலரசி இசக்கிசெல்வியைப் பார்த்தார். இவள் தரையைப் பார்த்தாள்.

“செஞ்சேன் மேடம். டிக் அடிக்கல.”

“ஏன்மா?”

“அடிச்சா நாளைக்கு டார்கெட்ட ஏத்திருவாங்கல்லா.”

லைனில் வேலை பார்க்கிற யாருக்கும் இது விளங்கும். ஒரு நாள் ஆர்வமாக டார்கெட்டுக்கு மேல் முடித்துக் கொடுத்தால், மறுநாள் சூப்பர்வைசர் ரகுபதி அதையே டார்கெட் ஆக்கிவிடுவார். அதனால் கை எவ்வளவு ஓடினாலும் கொஞ்சம் குறைத்தே காட்ட வேண்டும். புதிதாக வருகிற பெண்ணுக்கு டேப் சுற்றுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “ஏத்தும்தான். ஆனா முடியலன்னு போட்டா குறைக்கும்” என்றார்.

“குறைக்குமா?”

அதை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை. ஏறிய டார்கெட் இறங்கி அவள் பார்த்ததே இல்லை. எழிலரசி ஊருக்குப் போகிற பேச்சை அதோடு விட்டுவிட்டு, செய்ததையெல்லாம் அங்கேயே டிக் அடிக்க வைத்து அனுப்பினார்.

சில வாரம் கழித்து ஒரு மோசமான காலை வந்தது. எழுந்திருக்கவே முடியவில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டேதான் ‘முடியவில்லை’யை அழுத்தினாள். ‘பரவாயில்லை. நாளை முகம் மட்டும் கழுவினால் போதும்’ என்றது செயலி. மறுநாள் முகம் கழுவினாள். கழுவிய பிறகு பஸ் இன்னும் வரவில்லை என்று தெரிந்து, கிளம்பியும் விட்டாள். பஸ்ஸில் அந்தப் பதிலைப் பார்க்கப் போன் கைக்குக் கை போயிற்று. இதை ரகுபதி சார் போனில் ஏற்றிவிட முடியுமா என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டாளாம்.

மாத்திரை இன்னும் நடக்கிறது. மோசமான காலைகளும் எப்போதாவது வருகின்றன. நான் விடுப்பில் போயிருந்தபோது, அத்தையின் சமையலறையில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கோயில் கொடைக்கு வாரேம்மா. லீவு சொல்லியாச்சு. முடிஞ்ச மறுநாளே கெளம்பிருவேன், வேல கெடக்கு.”

அம்மாவோ, திரும்பிப் போவதற்கும் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, கொடை நேரத்தில் கிடைக்காது என்றாளாம்.