மடுவத்து வளைவில் திறந்த பக்கங்கள்

அந்தத் திங்கட்கிழமை மடிக்கணினியைத் திறந்தபோது என் பிரவுசரின் முகமே மாறியிருந்தது. நான் வேலை செய்யும் பெல்மதுளை துணிக்கடையின் வைஃபையில் அது தானாகவே புது வெர்ஷனுக்கு மாறிவிட்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலைகளெல்லாம் வளைந்து, எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. இடப்பக்கம் இருந்த பொத்தான் வலப்பக்கம் குடிபோயிருந்தது. என் விரலோ பழைய இடத்துக்கே போய் வெறும் இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. எரிச்சல் வந்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைக் குடைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் கிடையாது, மலை மறைக்கிறது. மேலே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து வளைவில்தான் போனுக்கு உயிர் வரும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவில் நின்று, போனின் இணைப்பைக் கொடுத்து, வேண்டிய பக்கங்களை மடிக்கணினியில் தனித்தனி டேப்பில் திறப்போம். அவை முழுதாக வந்த பிறகு ஒன்றையும் மூடாமல் திரையை மடக்கி வீட்டுக்கு எடுத்து வருவோம். வீட்டில் விரித்தால் எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளைகளின் பாடம், வேலை விளம்பரம், கேக் செய்முறை எல்லாம் இப்படித்தான் லயத்துக்கு இறங்கின.

அந்த வாரம் இறங்க வேண்டியவை அண்ணிக்கான வீதிச் சைகைப் பலகைப் பாடங்கள். அண்ணன் மழையில் சறுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டதில், இனி பிரேக் மிதிக்க முடியாது என்றாகிவிட்டது. வாசலில் நிற்கும் அண்ணனின் ஆட்டோவைத் தானே ஓட்டுவதாக அண்ணி சொன்னார். ஆனால் லைசன்ஸுக்கான எழுத்துப் பரீட்சையில் சைகைக் கேள்விகளில் கோட்டைவிட்டுவிட்டார். அண்ணி பேசும் சிங்களத்தைக் கேட்டால் கடைக்காரர்களே சிங்களவர் என்று ஏமாந்துபோவார்கள். வாசிப்பது மட்டும் தமிழ்தான். தமிழில் பயிற்சிக் கேள்விகள் எங்களுக்குக் கிடைத்தது இணையத்தில் மட்டுமே.

வியாழக்கிழமை இரத்தினபுரியில் இரண்டாம் தடவை பரீட்சை. "இதுலயும் போச்சுன்னா வண்டிய குடுத்துர்றேன்," என்று அண்ணன் சொல்லிவிட்டார். வாங்குகிற ஆளை ஞாயிற்றுக்கிழமை வரவும் சொல்லியாகிவிட்டது.

திங்கள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும், அண்ணியை வளைவுக்கு வரச்சொல்லிப் பக்கங்களைத் திறந்தேன். காலில் அட்டை ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் காத்து நின்றோம். வீட்டுக்கு வந்து விரித்தால், தொட்ட டேப்பெல்லாம் வெள்ளையாகி, இணைப்பு இல்லை என்றது. ஒரே ஒரு பயிற்சிக் கேள்விப் பக்கம் மட்டும் பிழைத்திருந்தது.

"நீ தண்ணிக் கானைத் தாண்டி குதிச்சிருப்ப. குலுங்கிருச்சு போல," என்றார் அண்ணி.

"குலுங்கிப்போறதுக்கு இது என்ன அண்ணி, மோரா?"

அப்படிக் கேட்டேனே தவிர, என்னிடமும் வேறு விளக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்தி, கானைத் தாண்டாமல் கோயில் பக்கமாகச் சுற்றி, நிறைந்த பால் சட்டியைக் கொண்டுவருவதுபோல வந்தேன். "என்ன புள்ள, முட்டையா?" என்று லயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். வந்து திறந்தால் மறுபடியும் வெள்ளை.

"விடு தங்கச்சி. தெரிஞ்சத எழுதிட்டு வர்றேன்," என்றார் அண்ணி. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அந்தப் பிரவுசர் மேல் ஆத்திரமும் வந்தது.

ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. முதல் நாள் அந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் பிழைத்தது? நான் இன்னும் தொடாத டேப்புகளை உற்றுப் பார்த்தேன். அவற்றின் சின்னப் படத்தைச் சுற்றி மெல்லிய புள்ளி வளையம் ஒன்று இருந்தது. பழைய பிரவுசரில் அதை நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் வழியில் எதுவும் சிந்தவில்லை. என் மடிக்கணினிக்குப் பாரம் தாங்காது என்று இந்தப் புது பிரவுசரே பக்கங்களைத் தூங்கவைக்கிறது. விழிக்கும்போது மறுபடி சிக்னல் கேட்கிறது. முதல் நாள் தூங்காத பக்கத்தில் அண்ணி என்ன செய்தார்? வளைவில் நிற்கும்போதே பெயர் கேட்ட பெட்டியில் தன் பெயரை அடித்துவைத்திருந்தார்.

புதன்கிழமை கடையில் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்து வளைவில் உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தை இரண்டு டேப்பில் திறந்தேன். ஒன்றின் தேடல் பெட்டியில் 'அ' என்று அடித்தேன், மற்றதைச் சும்மா விட்டேன். பிறகு வேறு பக்கங்களைத் திறந்துகொண்டே காத்திருந்தேன். மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியும் நேரத்தில் சும்மா விட்டதைச் சுற்றிப் புள்ளி வளையம் வந்தது. மற்றது விழித்தே இருந்தது. யாரோ பாதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறது! நான் தனியாகச் சிரிப்பதைக் கூடையோடு நின்ற பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வேண்டிய பக்கங்கள் எல்லாவற்றிலும் ஓர் 'அ' போட்டு மடக்கிக்கொண்டு இறங்கினேன். கானை வேண்டுமென்றே குதித்துத் தாண்டினேன்.

வீட்டில் எல்லாப் பக்கங்களும் உயிரோடு இருந்தன. அண்ணி அடுப்படி வேலையை என்னிடம் தள்ளிவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து அண்ணனும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"மஞ்சப் பலகையில மாடு போட்டிருந்தா?"

"மெதுவா போயி, குறுக்க வந்தா நிப்பாட்டி, அது போற வரைக்கும் பொறுமையா இருக்கணும். ஒங்களோட இருந்து பழகினதுதான்."

அண்ணன் சிரித்தார். கால் முறிந்த பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

இந்தத் தூக்கத்தை ஒரே தட்டில் நிறுத்த செட்டிங்ஸில் ஒரு பொத்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் லயத்துப் பிள்ளைகள் இன்னமும் 'அ' போட்டுத்தான் பக்கங்களை இறக்குகிறார்கள். பொத்தானைக் காட்டினாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அண்ணி எழுத்துப் பரீட்சையில் பாஸ் பண்ணி, ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட்டும் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளுக்கு அண்ணன் தேத்தண்ணி கொடுத்து, வண்டி விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பினார். ஆள் போனதும் அண்ணி வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகையைக் கட்டினார். அண்ணன் கம்பை ஊன்றி வெளியே வந்து, ஓட்டும் சீட்டின் பக்கத்தில் ஹாண்டிலைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு அவர் தன் சொந்த வண்டியில் முதல் தடவையாகப் பின்சீட்டில் ஏறி, காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"பெல்மதுளைக்கு வண்டி வருமா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"ஏறி ஒக்காந்துகிட்டுக் கேக்குறீங்களே," என்றார் அண்ணி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.