கவர்மெண்டு முந்திரிக்காடு

போராட்டத்தில் ஜெயித்த கதையை எங்கள் விவசாயிகள் சங்கத்து மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். சலிப்புத்தான் வருகிறது. அவர்கள் கேட்ட கட்டுரை இது இல்லை, அவர்கள் இதைப் போடவும் மாட்டார்கள்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் முந்திரிக்காடு. எனக்கு மீசை அரும்பிய வயதில், அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று சொல்லி அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. எங்களுடையது மட்டுமில்லை, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எடுத்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அப்பா கையெழுத்துப் போட்டார். அப்புறம் நிலக்கரியும் எடுக்கவில்லை, ஒரு மண்ணும் எடுக்கவில்லை. அளந்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மரங்கள் பாட்டுக்கு வருஷம் தவறாமல் பங்குனியில் காய்த்தன.

காகிதத்தில் அரசாங்க நிலம் என்பதால் வேலி கிடையாது, காவல் கிடையாது. எங்கள் மரத்தடியில் நாங்கள் பொறுக்குவோம். நாங்கள் போகாத நாளில் யார் வந்தாலும் பொறுக்குவார்கள். என் கொட்டையை ஏன் எடுத்தாய் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது. எந்த உரிமையில் கேட்பது? சொந்தக் காட்டிலேயே திருட்டுப்பயலைப் போலப் பொறுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

அதிகம் பொறுக்கியது ஏரிக்கரைத் தெருவில் இருந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கல்யாணமாகிச் சில வருஷத்தில் புருஷன் செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு சென்ட் நிலம் கிடையாது. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் விடிந்ததும் கூடையோடு காட்டுக்குள் போய்விடுவாள். கொட்டைப் பால் பட்டு அவள் விரல்களில் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அந்த இரண்டு மாதப் பாடுதான் அவள் வீட்டுக்கு வருஷத்துச் சோறு.

நிலத்தைத் திரும்பக் கேட்கச் சங்கம் ஆரம்பித்தோம். நானும் ஒரு பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். மனு கொடுக்க அரியலூருக்குப் பஸ் ஏறி ஏறி எத்தனை செருப்பு தேய்ந்தது என்று தெரியாது. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பதில் மட்டும் மாறவில்லை. மறியல் செய்யலாம் என்றால் ஆள் சேரவில்லை. பெண்கள் முன்னால் உட்கார்ந்தால் போலீஸ் கை வைக்காது என்று யோசனை சொன்னவன் நான்தான். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது. ஏரிக்கரைத் தெருவுக்கு, அவள் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன்.

"எனக்கு ஏதுண்ணே நெலம்? நான் எதுக்கு அங்க?" என்றாள்.

"நெலத்த நம்பிப் பொழைக்கிற எல்லாரும் விவசாயிதாம்மா. காடு திரும்பி வந்தா நம்ம எல்லாருக்குந்தான்" என்றேன்.

ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக் கத்திக் கத்தி எனக்கே அது நிஜமாகிப்போயிருந்தது. அவள் வந்தாள். கொட்டை விழுகிற நாளில் பிழைப்பை விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் உட்கார்ந்தாள். ஒரு தடவை எங்களையெல்லாம் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டார்கள். தன் பொட்டலத்தை அவள் பிரிக்கவேயில்லை, பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் நிலத்தைத் திருப்பித் தருவதாக அறிவிப்பு வந்தது. வெடி வெடித்தோம். மேடை போட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டா கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டு இறங்கியபோது எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டியது அவள்தான்.

அதற்குப் பிறகு சர்வேயர் வந்தார், கல் நட்டார். இரண்டு மரம் எந்தப் பக்கம் என்பதில் எனக்கும் என் பங்காளிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, குனிந்து பொறுக்க முடியாது. பெரம்பலூரில் கடை வைத்திருக்கும் என் மகன், காட்டைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார், கம்பி வேலி போட்டார், காவலுக்கு ஆள் வைத்தார். அப்போது அவள் நினைவு எனக்கு வரவேயில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. ஒரு ஓரத்தையாவது விட்டுவைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு காலை, நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காவல்காரன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"சார், இந்தம்மா வேலிக்குள்ள பூந்து பொறுக்கிக்கிட்டிருந்துச்சு. கேட்டா எங்க காடுங்குது. இவங்களுக்கும் அதுல பங்கு இருக்குதுங்களா?"

அவள் பயப்படவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற தைரியத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று சொன்னால் வியாபாரி வந்து சத்தம் போடுவார், மகன் போனில் கத்துவான். இத்தனை வருஷம் மல்லுக்கட்டி ஓய்ந்துபோனேன். இன்னொரு தடவை யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

"இல்லப்பா" என்றேன்.

அவள் மடியை அவிழ்த்து, இருந்த கொட்டைகளை எல்லாம் வாசலில் கொட்டினாள்.

"அது கவர்மெண்டுகிட்டயே இருந்திருக்கலாம்ண்ணே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

அந்த வருஷம் அவள் பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயத் தாள் அரியும் கூலிவேலைக்கு வேனில் போய்வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு, அவள் தெருமுனை திரும்புவதற்குள் காவல்காரன் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தான். ஒன்று உருண்டு என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நானே அதை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.