நாலு பேரில் நாலாவது

என் அண்ணன் ஒரு தேர்தலில் முதலாவதாக வந்து தோற்றார். ஓட்டு எண்ணியவர்கள் தப்பு செய்யவில்லை, கள்ள ஓட்டும் விழவில்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது. இதைச் சொன்னால் என்னிடம் படித்த பிள்ளைகளே, "டீச்சருக்கு வயசாயிடுச்சு" என்று சிரிக்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டது, வாஸ்தவம்தான். என் கோபத்துக்கு இன்னும் ஆகவில்லை.

நாற்பத்தாறில் நடந்த மாகாண சட்டசபைத் தேர்தல் அது. எங்கள் சேரி மக்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு ஒன்றல்ல, இரண்டு தேர்தல். முதலில் நாங்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைப் பொறுக்கித் தர வேண்டும். பிறகு ஊரும் சேரியும் சேர்ந்து அந்த நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டு என்பது வரி கட்டுகிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும்தானே? சேரியில் வரி கட்ட யாரிடம் நிலம் இருந்தது? திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு ஓட்டு இருந்தது. எங்கள் தெருவில் ஓட்டு இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர்ப் பக்கத்திலோ வீட்டுக்கு வீடு ஓட்டு. ஆக, நாங்கள் நாலு மாட்டைப் பிடித்துக் கட்டுவோம். எது சாதுவோ அதை அவர்கள் அவிழ்த்துக்கொண்டு போவார்கள். இதற்குப் பெயர் எங்களுக்குக் கொடுத்த இடம்!

அண்ணன் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் பிட்டர். வேலையை விட்டால்தான் தேர்தலில் நிற்க முடியும் என்றார்கள். விட்டுவிட்டார். அண்ணி இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் ஏன் விட்டார் என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காரணம் எங்கள் அம்மா. அம்மா செத்தது ஐப்பசி அடைமழையில். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை பெரிய பண்ணைக்காரரின் மல்லாட்டைக் கொல்லை ஓரமாகப் போகும். அவர் அந்த வருஷம் பாதையையும் சேர்த்து முள்வேலி போட்டுவிட்டார். கேட்டதற்கு, அது எப்போதுமே தன் நிலம்தான் என்றார். மணியக்காரரும் ஆமாம் என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி. அம்மாவை ஏரி ஓடையில் இறக்கித்தான் தூக்கிப் போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, கரையில் நின்றே பார்த்தோம். நடு ஓடையில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் முழங்கையால் அம்மாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். அதைப் பார்த்த கண்ணால் நான் இன்றுவரை அந்தக் கொல்லையைப் பார்த்ததில்லை.

"சட்டசபைல மொதல் கேள்வி இந்தப் பாதையைப் பத்தித்தான் கேப்பேன்" என்று அண்ணன் சேரி சேரியாகப் போய்ச் சொன்னார். ஒவ்வொரு சேரிக்கும் ஒரு ஓடையோ ஒரு வேலியோ இருந்ததால் எல்லோருக்கும் அது புரிந்தது.

அந்தத் தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. தட்டி மறைவுக்குள் போய், வேண்டிய நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அண்ணனுக்குப் பச்சை. முதல் தேர்தலில் பச்சைப் பெட்டிதான் நிரம்பியது. நாலாவதாக, தட்டுத்தடுமாறி உள்ளே வந்தது வெள்ளைப் பெட்டி. அது அதே பெரிய பண்ணைக்காரரிடம் பரம்பரையாக ஏர் ஓட்டிய பண்ணையாளுடையது. அவர் பேருக்கு ஒரு துண்டு மேட்டு நிலத்தை எழுதிவைத்து, வரி கட்டவைத்து, ஓட்டும் வாங்கிக் கொடுத்து, வேட்பாளராக்கியதும் பண்ணைக்காரர்தான். எதற்கு இவ்வளவு தாராளம் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது தேர்தலுக்கு அண்ணன் ஊர்த் தெருக்களில் ஓட்டுக் கேட்டுப் போனார். காணை கிராமத்துப் பக்கம் ஒரு கரும்பு ஆலையடியில் ஒருவர் மறைக்காமலே சொன்னாராம்: "நீ நல்லா பேசறப்பா. அதான் பேஜாரு. அங்க போயும் எங்க மேலயே பேசிக்கினு இருப்பே."

வெள்ளைப் பெட்டி ஜெயித்தது. எங்கள் ஜனங்கள் நாலாவதாகத் தள்ளியவர் எங்கள் பிரதிநிதி! திண்டிவனத்தில் வெற்றிக் கூட்டம் போட்டார்கள். பண்ணைக்காரர் மாலையைப் பண்ணையாளின் கழுத்தில் போடவில்லை. தொட்டால் தீட்டாயிற்றே. மேஜைமேல் வைத்தார். பண்ணையாள் தானே எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு போயிருந்தாலும் தொலைகிறது என்று விட்டிருப்பேன். சில மாதத்தில் இன்னொரு சேதி வந்தது. சுதந்திர நாட்டுக்குச் சட்டம் எழுத டெல்லியில் ஒரு சபை கூடப்போகிறது, அதற்கு ஜனங்கள் ஓட்டுப் போட மாட்டார்கள், மாகாண சட்டசபை உறுப்பினர்களே போட்டு அனுப்புவார்கள். பேப்பரை அண்ணன் முன்னால் விரித்துப் போட்டேன். நாங்கள் நாலு பேரைப் பொறுக்கினோம், அவர்கள் அதில் ஒருவரைப் பொறுக்கினார்கள், அந்த ஒருவர் போய் டெல்லிக்கு ஆள் பொறுக்குவார். படி ஏற ஏற நாங்கள் எங்கே இருக்கிறோம்? எங்கள் தலையெழுத்தை எழுதப்போகிறவர்களைப் பண்ணைக்காரர் மாட்டுக்கொட்டகையிலிருந்தே தேர்ந்தெடுத்துவிடுவார் என்று கத்தினேன். ஷெட்டில் அண்ணனின் வேலைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. சில்லறை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பண்ணையாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, அதற்குள் அதே ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க எம்மெல்லே சார்! இன்னா, தனியா வந்துட்டீங்க? உங்க பண்ணைக்கார ஆண்டே வண்டில இருக்காரா? மெட்ராசுல உங்க வாயிக்கு பதிலா அவரு வாயையே அனுப்பி வெச்சிடலாமே!"

அண்ணன்தான் என்னை அதட்டிவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"டெல்லி சபைக்கு ஓட்டுப் போடக் கூப்புடறாங்கண்ணா. பேருக்கு நேரா ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடணுமாம். நம்பர் எழுதிப் பழகிக்கினேன்" என்றார் பண்ணையாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அங்கயும் தட்டி மறைவு இருக்குமாண்ணா?" என்று கேட்டார்.

"இருக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப சரி."

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு எதுக்கு மறைவு? ஆண்டே சொல்றதைப் போட நடுத்தெருவுலயே போடலாமே!"

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தபாவும் மறைவு இருந்ததாலதான் டீச்சரம்மா பச்சைப் பெட்டில போட முடிஞ்சுது. எங்கூட ஆண்டே வராத எடம் அது ஒண்ணுதான்."

ஜெயித்தவரே தோற்றவருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார், அதுவும் இரண்டு முறை! அப்படியும் அவரைத்தான் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது அந்தச் சட்டம். அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் போக இடமில்லாமல் என் நெஞ்சிலேயே நின்றது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து அண்ணன் பக்கம் நகர்த்தினார். அதில் டெல்லிக்குப் போக நிற்கிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"இதுல நம்ம சுடுகாட்டுப் பாதையைப் பத்திக் கேக்கறவரு யாருன்னு காட்டுண்ணா. அவருக்கு ஒண்ணு போட்டுட்டு வர்றேன்."

அண்ணன் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். வக்கீல்கள், மிராசுதார்கள், பெரிய பெரிய ஆட்கள். கடைசிவரை போய், மறுபடி மேலேயிருந்து வந்தார். பிறகு பேப்பரை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"இவங்க யாருக்கும் நம்ம ஓடை தெரியாது, தம்பி."