புண் ஆறும் என்றது விளம்பரம்

போன வாரம் சனிக்கிழமை காலை, ஆம்பூரில் ஷமீம் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கூடவே அவர் மனைவி. காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமமாம். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

"செருப்பு நல்லா மெத்துமெத்துனுதான் இருக்குதும்மா. ஆனா ஒரு சைஸ் பெரிசா குடுத்தீங்கன்னா தேவல. இப்ப கால் உள்ள போவ மாட்டேங்குது" என்றார்.

கவனியுங்கள். மனுஷன் சண்டை போட வரவில்லை. பெரிய சைஸ் கேட்டு வந்திருக்கிறார்.

ஷமீம் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வலது கால் பெருவிரலைச் சுற்றி ஒரு பழைய வேட்டித் துணி. அதற்கு மேலே பாதம் வீங்கிப் போய், தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு... வாடை வேறு. செருப்பின் அளவு சரியாகத்தான் இருந்தது. கால்தான் பெரிதாகிவிட்டது.

"அய்யா, கட்டு போட்டுக்கறதில்லியா நீங்க?"

"போட்டுக்கினுதான் இருந்தேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரில, ஒருநாள் விட்டு ஒருநாள். இந்தச் செருப்பு வந்ததும் நிறுத்திட்டேன். மூணு வாரம் ஆவுது. நீங்கதானம்மா போட்டிருக்கீங்க, இனிமே கட்டு வேணாம்னு."

போனை எடுத்து நீட்டினார். ஷமீம் கடையின் விளம்பரம். மேலே கடை பெயர். ஒரு வெள்ளைக்காரக் கால், கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒய்யாரமாக நிற்கிறது. பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'ஆறாத புண்ணா? 21 நாளில் ஆறும். இனி கட்டு வேண்டாம், ஆஸ்பத்திரி அலைச்சல் வேண்டாம்.'

ஷமீம் அந்த போனை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். அவள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வராது.

ஷமீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றில் பதினெட்டு வருஷம் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவள். ரெண்டு வருஷத்துக்கு முன் வெளியே வந்து, வீட்டு ஹாலில் ரெண்டு மெஷின் போட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைக்கிறாள். எனக்கும் சர்க்கரை உண்டு. என் காலில் கிடப்பது அவள் கைச் செருப்புதான். அன்றைக்குக்கூட வார் மாற்றத்தான் போயிருந்தேன்.

அது நல்ல செருப்பு. காலில் புண் வராமல் காப்பாற்றும் செருப்பு. வந்த புண்ணை ஆற்றுகிற செருப்பு உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஷமீமிடம் யார் வந்தாலும் முதல் கேள்வி, "கால்ல புண்ணு கிண்ணு இருக்கா?" இருக்கிறது என்றால் செருப்பு கிடையாது. டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று விரட்டிவிடுவாள். வியாபாரம் தெரியாதவள் என்று அவள் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவள் பெயரில் எப்படி வந்தது இந்த விளம்பரம்?

அதற்கு முன்னால் கால். ஆட்டோவை மறித்து, பஸ்ஸுக்குக் காத்திராமல் அதே ஆட்டோவில் வேலூருக்கே போய்விட்டோம். பெரியவர் பெயர் ஏழுமலை. மனைவி சரோஜா. வழி நெடுக அவர் வருத்தப்பட்டதெல்லாம் எங்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்துவிட்டோமே என்றுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "விரல் போகும். கணுக்கால் வரைக்கும் போகாம இருக்கணும்னு வேண்டிக்கங்க" என்றார். சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அட்மிஷன் போட்டு, கட்டில் கிடைத்து, ஊசி ஏற ஆரம்பித்த பிறகு ஷமீம் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்த ஆட் இன்னும் ஓடிக்கினே இருக்குது. வாங்க."

விளம்பரம் போட்ட ஏஜென்சியின் ஆபீஸ் வேலூரில்தான். மாடியில், ஏசி குளிரில். ஷமீம் அவர்களைப் பிடித்ததும் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். 'உங்கள் தொழிலை நாங்கள் பத்து மடங்கு ஆக்குகிறோம்' என்று அவர்கள் தங்களுக்கே கொடுத்துக்கொண்ட விளம்பரம். மாதம் பன்னிரண்டு போஸ்ட், நாலு ரீல்ஸ், முடிவில் கலர் கலராய் ஒரு ரிப்போர்ட். இதுதான் பேக்கேஜ்.

மேனேஜர் முப்பது வயசு இருக்கும். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. விஷயத்தைச் சொன்னோம். காலைப் பற்றிச் சொன்னோம். விரலைப் பற்றிச் சொன்னோம்.

"அது ஹூக் மேடம். ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போறவங்களை நிறுத்தணும்ல? உங்க அக்கவுன்ட்லயே அதான் பெஸ்ட் பெர்ஃபார்மிங் ஆட்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தினீர்களே ஐயா, ஒரு மனுஷன் கட்டுப் போடுவதையே நிறுத்தினீர்களே. உங்கள் ரிப்போர்ட்டில் ரீச், எங்கேஜ்மென்ட் என்றெல்லாம் கட்டம் கட்டமாய் இருக்கிறதே... அதில் விரலுக்கு எந்தக் கட்டம்?

"யார் எழுதுனது இதை?" என்று கேட்டேன்.

"கன்டென்ட்டுக்கு ஏஐ டூல் வெச்சிருக்கோம் மேடம். அது குடுக்கறதை டிசைன்ல போட்ருவோம். ஒரு நாளைக்கு நாப்பது கிளையன்ட். நாங்க உக்காந்து படிச்சிட்டிருக்க முடியுமா?"

இதை அவர் வெட்கப்படாமல் சொன்னார் என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

"ஆர்டர் ஃபார்ம்ல கால்ல புண் இருக்கான்னு ஒரு கேள்வி குடுத்திருந்தேனே, அது எங்க?" என்றாள் ஷமீம். எடுத்துவிட்டார்களாம். ஃபார்ம் நீளமாக இருந்தால் ஆர்டர் குறையுமாம்.

கடைசியில் அவர் தன் போனை எங்கள் பக்கம் திருப்பினார். "பட், நீங்க அப்ரூவ் பண்ணியிருக்கீங்களே மேடம்." ஏஜென்சி அனுப்பிய மெசேஜில் பன்னிரண்டு படம். கீழே 'சரி' என்று ஷமீம் அனுப்பிய ஒரு கட்டைவிரல் சின்னம்.

உண்மைதான். ஒரு மத்தியானம், கை முழுக்கச் செருப்பு ஒட்டும் பேஸ்ட்டோடு வேலையில் இருந்தபோது மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது. 'ஒரு மணிக்குள் அப்ரூவ் பண்ணவும்.' முதல் ரெண்டு படத்தைப் பார்த்தாள். கடைப் பெயர் சரியாக இருந்தது, செருப்புப் படம் அழகாக இருந்தது. கட்டைவிரலைத் தட்டிவிட்டாள். அந்த விளம்பரம் நாலாவது படம்.

லெதர் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஃபேக்டரியில், சரக்கு வாங்கும் பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த சாம்பிள் ஒன்று கயிற்றில் தொங்கும். அது வராமல் ஒரு துண்டுத் தோலைக்கூட வெட்ட மாட்டார்கள். அதைப் பதினெட்டு வருஷம் காபந்து பண்ணினவள் ஷமீம்.

"நூல் கலர் ஒரு ஷேடு மாறுனாகூட லாட்டையே நிறுத்துவேன் அக்கா. பையர்கிட்டயே சண்டை போட்ருக்கேன். இதுக்கு மட்டும் இன்னா ஆச்சு எனக்கு?" என்று அங்கேயே அழுதாள். மேனேஜர் டிஷ்யூ பேப்பர் எடுத்துக் கொடுத்தார். அதற்கும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, முதலில் அதை நிறுத்துங்கள் என்றோம். "ஆட் டீம் சென்னையில. இன்னிக்கு சனிக்கிழமை. மன்டேதான் முடியும்." ஷமீமே நிறுத்தலாம் என்றால், கடையின் பேஜும் அக்கவுன்ட்டும் ஏஜென்சி பெயரில். சொந்தக் கடைக்குச் சாவி அவளிடம் இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் இன்னும் எத்தனை பேர் கட்டைப் பிரித்துப் போடுவார்கள்?

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன். "தம்பி, அது நிக்கறவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். மன்டே ஆனாலும் சரி. டீ மட்டும் சர்க்கரை இல்லாம குடுங்க."

கால் மணி நேரத்தில் நின்றது.

அப்போதே பேஜையும் ஷமீம் பெயருக்கு மாற்ற வைத்தோம். வாங்கியவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள், ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டாள். "செருப்பு போடுங்க, ஆனா கட்டை நிறுத்தாதீங்க." ரெண்டு பேர் நிறுத்தியிருந்தார்கள். மறுபடி போகச் சொல்லிக் கெஞ்சினாள்.

ஏஜென்சி வைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். அவர்கள் கூட்டம் சேர்ப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். சேர்ந்த கூட்டத்துக்கு என்ன ஆனது என்று கேட்க மாட்டார்கள். அந்த முகத்தை வாசலில் பார்க்கப் போவது நீங்கள்தான். அதனால் பேஜ் உங்கள் பெயரில் இருக்கட்டும். உங்கள் பெயரில் போகிற ஒவ்வொரு வரியையும் நீங்கள் படியுங்கள். வேலை கிடக்கட்டும், கையைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள்.

இப்படி நான் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தாள்.

"நீங்கதானே பத்திரிகைல வாராவாரம் எழுதறவங்க? போட்டோல பார்த்திருக்கேன்மா. நான்தான் அப்பாவுக்கு அந்தச் செருப்பு ஆர்டர் போட்டேன். அந்த விளம்பரத்துக்குக் கீழ உங்க பேரு இருந்துச்சு. 'அருமையான செருப்பு, அவசியம் வாங்குங்க'ன்னு நீங்க போட்டிருந்தீங்க. நீங்களே சொல்றீங்களேன்னு உடனே போட்டுட்டு, விளம்பரத்தை அப்பா போனுக்கும் அனுப்பிட்டேன்."

குத்திக்காட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாதம் முன்பு, ஷமீம் கடையின் பெயரைப் பார்த்ததும் பாசத்தில் ஒரு கமென்ட், மூன்று ஹார்ட். படம் பார்த்தேன், பெயர் பார்த்தேன், போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் அதுல என்னா எழுதியிருந்ததுன்னு படிக்கவேயில்லம்மா" என்றேன்.

"நானும் உங்க பேரைத்தான் பார்த்தேன்" என்றாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப எங்கப்பா மட்டும்தான் அதைப் படிச்சிருக்காரு."